ஒரு மணி நேரமாவது

குழாய் திறந்தபடியே இருக்கிறது. முதலில் காலி வாளியில் விழுகிற சத்தம், பிறகு பாதி வாளியின் சத்தம், இப்போது நிறைந்து வழிகிற சத்தம். வழிந்த தண்ணீர் பாத்ரூம் தரையில் ஓடிச் சல்லடைக்குள் இறங்குகிற மெல்லிய சத்தம்கூடப் படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கிறது, மின்விசிறியை அணைத்து வைத்திருப்பதால். வேலை முடிகிறவரை மின்விசிறி ஓடக் கூடாது. பதிவுல காத்து இரையுது மேடம், நீங்க கேக்குற கேள்வியே காதுல விழல என்று சூப்பர்வைசர் ஹேமச்சந்திரன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். மே மாதத் திருச்சியில் மின்விசிறி இல்லாமல், ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வியர்வை காதுக்குப் பின்னாலிருந்து இறங்கி நைட்டியின் கழுத்துக்குள் போகும், துடைக்கக் கை வராது, இரண்டு கையும் லேப்டாப்பில் இருக்கும். வீட்டுக்காரர் ஜெரோம் உள்ளே போய் எவ்வளவு நேரம் இருக்கும்? தினமும் இந்த நேரத்தில் போகிறவர்தான், இவ்வளவு நேரம் ஆனதில்லை. நான் முந்தின அழைப்பில் இருந்தபோதே பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போட்டாரா? அது கேட்டதா, கேட்டதாக இப்போது நினைக்கிறேனா? தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடும். கீழ் வீட்டு ஓனரம்மா காலையில் ஒருமுறைதான் மோட்டார் போடுவாள், தீர்ந்தால் மாடிப்படி அடியில் நின்றுகொண்டு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்துவாள், என்னம்மா புளோரா, ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல என்ன பண்றீங்க தண்ணிய என்று. என்ன பதில் சொல்வேன். துணி துவைத்தோம் என்று சொல்லலாம். போர்வை. போர்வை என்றால் நிறையத் தண்ணீர் போகும், அதை நம்புவாள். நான் தண்ணீரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரை நினைப்பது நல்லது.

அடுத்த எண்ணைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும், நான் போட வேண்டியதில்லை, யாருக்குப் போகிறது என்பதும் எனக்குத் தெரியாது. மணி அடிக்கிற நேரத்தில் பேச வேண்டிய முதல் வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், இத்தனை நாள் சொல்லியும் அதே பழக்கம். வணக்கம், அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்தும் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பிலிருந்து பேசுகிறேன், ஊரடங்குக் காலத்தில் மக்களின் வேலை நிலவரம் பற்றிச் சில கேள்விகள். பயிற்சியின்போது ஜூம் கூட்டத்தில் ஹேமச்சந்திரன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே கேட்கணும். ஆறுதல் சொல்லக் கூடாது. ஐயோ பாவம் கூடாது. எல்லாம் சரியாயிடும் கூடவே கூடாது, ஏன்னா அது நமக்குத் தெரியாது மேடம். அவங்க அழுதா காத்திருங்க, அழுது முடிச்சதும், 'தொடரலாமா?' அவ்வளவுதான். முதல் வாரம், மகனை ஆக்சிஜன் வரிசையில் விட்டுவிட்டு வந்து போனை எடுத்த ஒருவர், கேளுங்கம்மா, சும்மாதான் உக்காந்திருக்கேன் என்றார், நானும் கேட்டேன், வீட்டில் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று. அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் சாப்பிட்டேன். அதற்கடுத்த வாரம் ஒரு அழைப்புக்கும் இன்னொரு அழைப்புக்கும் நடுவில் வெங்காயம் உரித்தேன். இப்போது யார் எது சொன்னாலும் ம், சரிங்க, வேற ஏதாவது இருக்கா என்று வருகிறது, வாயில் அல்ல, உடம்பில் எங்கிருந்தோ. போன வாரம் ஜெரோம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, 'எதுக்கு புளோரா இதெல்லாம்' என்று கேட்டார். எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. 'சரிங்க' என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது. அதற்குள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற ஆளா அவர். மாநாட்டு மண்டபமும் கல்யாண மண்டபமும் சேர்ந்த பெரிய ஓட்டலில் விருந்து ஹாலுக்குக் கேப்டன். ஆயிரம் பேர் சாப்பிடுகிற வரவேற்பில் எந்த மேஜையில் பாயசம் போகவில்லை என்பது வாசலில் நிற்கும் அவருக்குத் தெரிந்துவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். வீட்டில்கூட நானும் ரெனிட்டாவும் சாப்பிடும்போது உட்கார மாட்டார், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு நிற்பார், தண்ணீர் டம்ளர் பாதிக்குக் கீழே இறங்கினால் நிரப்பிவிடுவார். 'அப்பா, நீங்க இங்க வேலை பாக்கல' என்று ரெனிட்டா சிரிப்பாள். போன வருஷம் மூடினார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தை மாதம் முகூர்த்தங்கள் வந்ததும் சொல்லியும் அனுப்பினார்கள், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அவர் கிளம்பிய காலையில் நான் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினேன், கஷ்டம் முடிந்தது, இனி முடிந்தது என்று. சித்திரையில் மறுபடி மூடினார்கள். இந்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 'குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க' என்றார். ஓட்டல் ஆட்களின் வாட்ஸப் குரூப். கையால் தவறி எடுத்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். இருக்கும் என்றார். இரண்டு பேருக்குமே தெரியும். ரெனிட்டாவைத் திண்டுக்கல்லில் அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம், பள்ளிக்கூடம்தான் இல்லையே, அங்கே அக்கா பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று. அக்கா போன் செய்யும்போதெல்லாம், 'மாப்பிள்ளைக்கு இன்னும் லீவா?' என்று கேட்கிறாள். லீவுதான் என்கிறேன். ஓட்டல்காரங்க நல்லவங்க போல, சும்மா உக்கார வச்சுச் சம்பளம் கொடுக்குறாங்க என்கிறாள். ஆமாக்கா என்கிறேன். நல்லவங்க. தண்ணீர் இன்னும் வழிகிறது.

'யாரு?' என்று ஒரு பெண் குரல், பின்னால் கோழி கேறுகிற சத்தம். நான் முதல் வரியைச் சொல்லி முடிப்பதற்குள், 'எங்க வீட்டுல யாருக்கும் காய்ச்சல் இல்லைங்க, சளியும் இல்ல, வாசல்ல தகரம் அடிச்சு மூட வந்துடாதீங்க' என்றாள். இது அது இல்லைம்மா, வேலை பற்றிய கணக்கெடுப்பு என்றேன். 'வேலை குடுக்கப் போறாங்களா?' இல்லைங்க, கேள்வி மட்டும்தான். 'சரி கேளுங்க, நாங்களும் மனுசங்ககிட்டப் பேசி நாளாச்சு.' பெயர் பவளக்கொடி, துவரங்குறிச்சிப் பக்கம், கல்யாண வீடுகளுக்குச் சமையல்காரரோடு போய்க் காய் நறுக்குகிற வேலை. என் விரல் ஒரு நொடி நின்றது, கல்யாண வீடு. ஜெரோம் வாசலில் நிற்கிற மாதிரி ஒரு மண்டபத்தின் பின்கட்டில் இவள் பூசணிக்காய் முன்னால் உட்கார்ந்திருந்திருப்பாள். அடுத்த கேள்வி. கடந்த ஏழு நாட்களில், கூலிக்காகவோ லாபத்துக்காகவோ, ஒரு மணி நேரமாவது நீங்கள் வேலை செய்தீர்களா? 'ஒரு மணி நேரமா?' என்று சிரித்தாள். 'ஒரு மணி நேரத்துக்கு யாரு கூப்புடுவா?' யோசித்துப் பாருங்க என்றேன், அப்படித்தான் கேட்க வேண்டும். 'பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வேலில ஏறித் தழை ஒடிச்சுக் குடுத்தேன். அது கூலியா என்னன்னு தெரியல, முட்டை குடுத்தாங்க.' பணமாக இல்லாமல் பொருளாகப் பெற்றாலும் கூலிதான். ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா என்று கேட்டேன். 'முள்ளு குத்தி அத எடுத்த நேரத்தையும் சேத்தா ஆகியிருக்கும்.' பவளக்கொடி வேலையில் இருப்பவர். அப்படித்தான் விழுகிறது. நான் எதையும் மாற்றவில்லை, கட்டத்தைத் தொட்டால் அதுவே விழுகிறது.

அடுத்தது அவள் புருஷன். கல் குவாரி. 'அவரு எந்த வேலைக்கும் போகல.' அப்படியென்றால் கேள்வி வேறு பக்கம் போகும். கடந்த நான்கு வாரங்களில் அவர் வேலை தேடினாரா? 'எங்க போய்த் தேடுறது? ரோட்டுல போலீசு நிக்குது, குவாரில பூட்டுத் தொங்குது. தேடலைங்க.' தேடவில்லை என்றால் வேலையில்லாதவர் கணக்கில் வர மாட்டார். வேலை இல்லாமல் இருந்து, வேலை தேடினால்தான் வேலையில்லாதவர். தேடாதவர் வேலையில் இருப்பவரும் இல்லை, இல்லாதவரும் இல்லை, அவர் எண்ணுக்கு வெளியே போய்விடுகிறார். இதைப் பயிற்சியில் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை, ஒரு நாள் பேப்பரில் எங்கேயோ வேலையின்மை குறைந்திருக்கிறது என்று ஒரு செய்தியைப் பார்த்தபோது விளங்கியது. தேடித் தேடிப் பார்த்து விட்டுவிட்டவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் விட்டதும் எண் இறங்கிவிடும். அன்றைக்குப் பேப்பரை மடித்துக்கொண்டே ஜெரோமைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகு. பனியனில் வியர்வை ஒரு தேசப் படம் மாதிரி. என் வீட்டு ஆளை நான் எந்தக் கட்டத்தில் போடுவேன் என்று நினைத்தேன், நினைத்ததும் விரல் தன்னால் அதைத் தொட்டுவிட்டது, மனசுக்குள்தான், வேலை தேடினாரா, இல்லை, எண்ணுக்கு வெளியே. ஒரு நாள் காலையில், யாரையாவது கேட்டுப் பாருங்களேன் என்று சொன்னேன். 'யாரைக் கேக்குறது? எல்லாரும் வீட்டுலதான இருக்கான்' என்றார். அதோடு நான் கேட்பதை நிறுத்தினேன். கேட்டால் ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தடவைதான் இல்லை என்று சொல்ல முடியும்.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் மேடை அலங்காரம் செய்கிற ஒருவர் இருந்தார், பூ வளைவு, திரைச்சீலை, விளக்கு, ஜெரோமுக்கு நல்ல பழக்கம், போன மாதம் ஒரு நாள் காலையில் அவர், அந்த வாக்கியத்தை நான் முடிப்பதில்லை. அந்தச் சேதி வந்த அன்றைக்குப் பினாயில் பாட்டிலை பாத்ரூமிலிருந்து எடுத்துச் சமையலறை மேல்தட்டில் வைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேறு என்ன இருக்கிறது உள்ளே. வாளி, மக்கு, சோப்பு, ஷேவிங் செட், ஷேவிங் செட்டைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை, துணி காயப்போடுகிற கொடிக் கயிறு அங்கேயா இருக்கிறது, இல்லை, அது பால்கனியில், காலையில்கூடப் பார்த்தேன், காலையில் பார்த்தேனா, நேற்றா. 'அம்மா, இருக்கீங்களா?' என்றாள் பவளக்கொடி. இருக்கேன். அடுத்த கேள்வி. ஊரடங்குக்கு முன்பு உங்கள் கணவர் மாதத்தில் சராசரியாக, சராசரியாக, வரி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எழுத்தெல்லாம் தெரிகிறது, வாசிக்க வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஏதோ மாறிவிட்டது. வாளியை நகர்த்தினாரா? நகர்த்தினால் நல்லது. நகர்த்த ஆள் வேண்டும். அல்லது வாளி தானாகச் சாய்ந்ததா, எதுவோ பட்டுச் சாய்ந்ததா. எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான், பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் அழைப்பைப் பாதியில் வெட்டினால் என் பெயருக்கு நேரே சிவப்பாக விழும், இந்த வாரம் ஏற்கெனவே சிக்னல் போய்ச் சிவப்பாக விழுந்திருக்கிறது, இன்னும் விழுந்தால் வேற ஆள் பாத்துக்குறோம் மேடம் என்பார் ஹேமச்சந்திரன். இந்த வீட்டில் ஒரே வேலை இதுதான். நான் இதையா யோசித்துக்கொண்டிருக்கிறேன்? ஆமாம், இதைத்தான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பயம்கூட எங்கேயோ பக்கத்து வீட்டில் ஓடுகிற டிவி மாதிரித்தான் கேட்கிறது.

'என்னம்மா, குரல் ஒரு மாதிரியா இருக்கு' என்றாள். ஒண்ணுமில்லைங்க, தொடரலாமா. 'இருங்க, நீங்களே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. உங்க வீட்டுக்காரரு என்ன வேலை பாக்குறாரு?' இதற்குப் பதில் பயிற்சியில் இருக்கிறது. மன்னிக்கவும், இந்தக் கணக்கெடுப்பில் உங்களைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'கேப்டன்' என்று வந்தது. 'கப்பலுலயா?' இல்லைங்க, ஓட்டல்ல. விருந்து ஹால்ல. பரிமாறுறவங்களுக்கு மேல. 'அட, நம்ம ஆளு. இப்ப?' இப்ப இல்லை என்றேன். வேலை போயிருச்சு என்றேன். குரூப்பிலிருந்து எடுத்துட்டாங்க என்றேன், குரூப் என்றால் அவளுக்கு என்ன விளங்கியதோ. அக்காவிடம் சொல்லாதது, அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லாதது, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லாதது, பதிவாகிக்கொண்டிருக்கிற போனில், முகம் தெரியாத ஒருத்தியிடம். அவள் ஐயோ என்று சொல்லவில்லை. 'அப்ப உங்க வீட்டுலயும் அதே கதைதானா' என்றாள், அதில் ஒரு சின்னத் திருப்திகூட இருந்த மாதிரி எனக்குப் பட்டது, பட்டதில் தப்பில்லை, நானும் மற்ற வீடுகளில் அப்படிக் கேட்டிருக்கிறேன், வாய்க்குள்ளே. பிறகு நான், 'பாத்ரூம் உள்ள போயி ரொம்ப நேரமாச்சு, தண்ணி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு' என்றேன். 'அடிப்பாவி' என்றாள், 'அதுக்கா இங்க உக்காந்து என்கிட்டச் சராசரி கேட்டுக்கிட்டு இருக்க? எந்திரிச்சுப் போ. நான் லைன்லயே இருக்கேன், வெக்க மாட்டேன். போ.'

எழுந்தால் கால் இல்லை. மடக்கி உட்கார்ந்திருந்த இடது கால் மரத்துப்போயிருந்தது, தரையில் ஊன்றினால் யாருடைய காலையோ ஊன்றுகிற மாதிரி இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஹாலுக்கு வந்தேன். ஹாலில் பாய் விரித்தபடி கிடந்தது, தலையணையில் தலையின் பள்ளம். அவர் செருப்பு வாசலில் இருந்தது. பாத்ரூம் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து மிதியடி நனைந்திருந்தது. தட்டக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது, ஏனென்றால் உள்ளே இருந்து ஒரு குரல். தண்ணீருக்கு அடியில், தணிவாக, இங்கிலீஷில். குட் மார்னிங் சார், ஜெரோம் சார், பாங்க்வெட் ஜெரோம். யெஸ் சார், நல்லா இருக்கேன் சார். ஓட்டல் குரல். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது, அதில் ஒரு சிரிப்பு இருக்கும், எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் அணையாத சிரிப்பு. 'எந்த வேலைன்னாலும் சார். இல்ல சார், கேப்டன்தான்னு இல்ல, கிளீனிங்னாலும் ஓகே சார். பரவாயில்ல சார். தேங்க்யூ சார், காட் பிளஸ்.' கொஞ்ச நேரம் வெறும் தண்ணீர். பிறகு போனில் எண்களை அழுத்துகிற சத்தம், தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம், மறுபடி அதே சிரிப்பு. குட் மார்னிங் மேடம், பாங்க்வெட் ஜெரோம். நான் சுவரில் சாய்ந்தேன். தினமும் இந்த நேரத்துக்குத்தான் உள்ளே போகிறார். நான் வேலையில் மூழ்கியிருக்கிற நேரம் பார்த்து. தினமும் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு. தினமும் இந்தச் சிரிப்போடு. வெளியே வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அழுகை வர வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது, அதுதான் வலித்தது, வேறெதுவும் வலிக்கவில்லை. கதவைத் தட்டாமல் திரும்பினேன்.

ஹெட்போனை மாட்டியதும், 'என்னாச்சு?' என்றாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இருக்காரு என்றேன். போன் பேசிக்கிட்டு இருக்காரு. 'அதான பாத்தேன்' என்று விட்ட மூச்சு என் காதில் விழுந்தது. 'வேற பொம்பளகிட்டயா?' இல்லைங்க, வேலை கேட்டு. 'பாத்ரூம்ல உக்காந்தா?' ஆமா. சிரித்தாள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. 'என் வீட்டு ஆளும் அப்புடி எங்கனயாச்சும் ஒளிஞ்சு தேடுறாரோ என்னவோ, நான் பாட்டுக்குத் தேடலைன்னு சொல்லிப்புட்டேன். அத மாத்தி எழுத முடியுமா?' அவரையே கேட்டுச் சொல்லுங்க என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு யாரையோ கூப்பிட்டாள், தூரத்தில் ஒரு ஆண் குரல் எரிச்சலாக எதையோ சொன்னது. 'இங்க இருக்குற ரெண்டு குவாரிக்கும் சாயங்காலமாச் சாயங்காலமா நடந்து போய்ட்டுத்தான் வர்றாராம். ஆடு தேடப் போறேன்னு என்கிட்டச் சொல்லிட்டு' என்றாள். அதற்குமேல் சிரிக்கவில்லை. மாற்றி எழுதினேன். மீதிக் கேள்விகளைக் கேட்டேன், பதில் சொன்னாள், நன்றி சொன்னேன். ஹேமச்சந்திரன் இதைக் கேட்பார். கேட்கட்டும்.

குழாய் நின்றது. ஜெரோம் கதவைத் திறந்துகொண்டு வந்து படுக்கையறை வாசலில் நின்றார். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. நான் அழைப்பில் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, 'ஒரு இடத்துல வரச் சொல்றாங்க' என்றார். எங்க என்று கேட்டேன். 'ஆஸ்பத்திரில. கொரோனா வார்டுக்குச் சாப்பாடு எடுத்திருக்காங்க ஒரு கேட்டரிங்காரங்க. கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோய்க் குடுக்கணும். எந்திரிக்க முடியாதவங்களுக்கு ஊட்டி விடணும். அங்கயே தங்கணுமாம், வீட்டுக்கு வரக் கூடாது.' வேலையை விவரிக்கும்போதே முதுகு நிமிர்ந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. எப்போ? 'சாயங்காலம் வண்டி வரும்.' இன்னைக்கேவா? 'அவசரமாத்தான் ஆள் வேணுமாம்.' ஏன் அவசரம் என்று கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி கேட்டுப் பழகிவிட்டது. 'முன்னாடி இருந்தவரு?' என்றேன். அவர் நிலைப்படியின் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். 'உடம்பு சரியில்லையாம்.' ரொம்பவா? இன்னும் கொஞ்சம் பெயின்ட் உதிர்ந்தது. ஜெரோம் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை, வரிசையில் நின்றுவிட்டு மருந்து தீர்ந்துவிட்டது என்று திரும்பி வந்தார், அதற்குப் பிறகு போகவில்லை. போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லலாம், சொன்னால் கேட்பார், கேட்டுவிட்டுப் பாயில் போய்ப் படுத்துக்கொள்வார், சுவர்ப் பக்கமாக. போங்க என்றும் சொல்ல வேண்டும். இத்தனை நாளாக ஏதோ ஒரு சேதி வரும் என்று காத்திருந்தேன், நல்லதோ கெட்டதோ, இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் தயாராக வைத்திருந்திருக்கிறேன் போல. அந்த முகத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். 'சந்தோஷம் இல்லையா புளோரா?' 'இருக்கு.' 'பயமா?' 'அதுவும் இருக்கு.' 'எனக்கும்' என்றார். பிறகு தலையைத் தடவிக்கொண்டே, 'இப்படியே போக முடியாது' என்றார். சலூன் எல்லாம் மூடிக் கிடக்கிறது. முடி காதை மூடிப் பிடரியில் சுருண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறதோ, நான் பார்த்திருக்கவில்லை.

பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன், துணி வெட்டுகிற கத்தரிக்கோல்தான் இருந்தது. உள்ளே லேப்டாப் அடுத்த எண்ணைப் போட்டுப் போட்டு அலுத்து நின்றுவிட்டிருக்கும். வெயில் கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டது, தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை, எங்கேயோ ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு பாலத்தில் ஏறி இறங்கியது. குனிங்க என்றேன். குனிந்தார். பிடரி முடியை விரல் நடுவில் பிடித்தேன், சூடாக இருந்தது அவர் கழுத்து, ஈரமாக, உயிரோடு. இந்தக் கழுத்தைத் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. பிடரியில் நரைத்திருந்தது, முன்னால் ஒன்றுமில்லை, பின்னால் மட்டும், அவருக்கும் தெரிந்திருக்காது, கண்ணாடியில் பார்க்க முடியாத இடம். கத்தரி ஒரு பக்கம் இழுத்தது, காதுக்கு மேலே ஒரு இடம் பள்ளமாகிவிட்டது. 'கோணலாயிருச்சு' என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது, உடைந்து, நனைந்து. 'பரவாயில்ல' என்றார், 'தலையோட சேத்து மூடிடுவாங்களாம். கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். கோணல யாரு பாக்கப் போறா.' அந்தப் பள்ளத்துக்குச் சரியாக மற்றப் பக்கத்தையும் வெட்டினேன். முடி என் காலில் விழுந்தது. பிறகு பின்னால். பிறகு மறுபடி காதோரம், ஒவ்வொரு முடியாக எடுத்து. அவர் கண்ணை மூடியிருந்தார், தலை என் வயிற்றில் மெல்லச் சாய்ந்தது. 'முடிஞ்சுதா?' என்று கேட்டார். வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கத்தரியைக் காற்றில் திறந்து மூடினேன். 'இன்னும் கொஞ்சம்' என்றேன்.